துட்டி கேட்டுப் போன பிறகு

தோழர்களே,

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துட்டி கேக்குறது என்பார்கள். போகிறவர் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. வாசலில் கிடக்கும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவார், கையைக் கொடுப்பார், எந்திரிச்சு வந்துவிடுவார். ஆனால் வராமல் போனால் அது ஆயுசுக்கும் நிற்கும். ‘எங்கம்மா துட்டிக்கு எட்டிப் பாக்காதவன்தானே நீ’ என்று இருபது வருசம் கழித்தும் கேட்பார்கள்.

இந்தக் கணக்கு ஊருக்கும் நமக்கும் இடையில் மட்டும் ஒருநாளும் நேராக இருந்ததில்லை. ஊர்த்தெருவில் ஒரு பெரிய உசிர் போனால் இழவு சொல்ல ஓடியது நம் தாத்தன். பறை அடித்தது அவன், குழி வெட்டியது அவன். நம் தெருவில் சாவு விழுந்தால் அங்கிருந்து யார் வந்தார்? சுடுகாட்டுக்குப் பாதை கேட்டே பாதி நாள் போன ஊர்கள் எத்தனை! அதனால்தான் நம் சாவுக்கு நாமே என்று சேரியில் ஒரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்து வீட்டுச் சோறு வரும். கிழவிகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவர் பட்ட கடனும், கூலியைப் பிடித்துக்கொண்ட சம்சாரியின் பெயரும் அந்த ஒப்பாரிக்குள் வந்துவிடும். நம் கிழவிகள் எழுதத் தெரியாமல் கொடுத்த புகார் அது.

பட்டாசு ஆலைச் சாவு இந்தப் பழக்கத்தையும் உடைத்துப்போடுகிறது. ஒரே தெருவில் ஒரே நாளில் நாலு வீட்டில் துட்டி என்றால், யார் வீட்டுக்கு யார் சோறு கொண்டுபோவது?

1991-இல் சிவகாசி வட்டாரத்தில் ஓர் ஆலை வெடித்து 39 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 1996 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய தீர்ப்பு வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது, முதல் வெடி கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அடுத்த வெடியில் சிக்கிச் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், செத்தவர்களில் அநேகர் பெண்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. காரணமும் புதிதல்ல. மருந்து கலக்கும்போது உராய்வு, அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, லைசென்ஸ் ஒருவர் பேரில், அறை இன்னொருவருக்கு உள்குத்தகை. சொல்லிச் சொல்லி நமக்கே வாய் புளித்துவிட்டது.

என் அக்கா போனது இந்தப் பட்டியலில் வராது. ஒரு அறை, இரண்டு பேர். பேப்பரில் நாலு வரி. அவள் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன். மூன்றாம் நாள் போர்மேன் ஒரு கவரோடு வந்தார். அப்பா ரேகை வைத்தார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன். பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். அதன் பிறகு ஒருத்தரும் வரவில்லை. அம்மா மட்டும் சாயங்காலம் ஆலை வேன் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பாள். அப்படியே ஒரு வருசம் நின்றாள்.

இன்று நான் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே இருக்கிறேன். வெளியே அதே அம்மாக்கள் வந்து நிற்கிறார்கள். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் இறப்புச் சான்று, ஆதார், கசங்கிய பாஸ்புக். ‘வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க’, ‘நாமினி பேரில் எழுத்து மாறியிருக்கு’, ‘அடுத்த வாரம் வாங்க’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு அம்மா திருப்பிக் கேட்டாள்: ‘எத்தன ஆபீசுல சாமி நான் எம்பிள்ள செத்துப்போச்சுன்னு சொல்றது?’ அன்றைக்கு டோக்கன் வரிசை அப்படியே நிற்க, நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவளுக்கு ஒருநாள் கூலி போனதுதான் மிச்சம்.

இயக்கமும் யோக்கியமில்லை, தோழர்களே. வெடித்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம். பிணத்தை வாங்க மாட்டோம் என்று மறியல் செய்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அது தேவை, அந்த மறியல் இல்லாமல் நிவாரணம் கூடியதில்லை. ஆனால் பந்தல் பிரித்த பிறகு நாம் எங்கே? அரசு காசோலை கொடுத்துவிட்டுப் போகிறது, ஆலைக்காரர் கவர் கொடுத்துவிட்டுப் போகிறார், நாம் முழக்கம் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

துக்கம் பலவீனம், போராளி அழக்கூடாது என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் பெற்ற பிள்ளைகளில் நாலு பேரைப் பறிகொடுத்தவர். 1926-இல் ராஜரத்னா போனபோது மனசு உடைந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருசம் மகாடு குளத்தில் இறங்கினார். 1935-இல் ரமாபாய் போனார். 1940-இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அந்த ராமுவின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அழுததும் அவர்தான், நின்றதும் அவர்தான். அழுதால் போராட்டம் கரைந்துவிடாது.

ஆகவே இந்த இதழ் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. பதினாறு கழிந்து முப்பதாம் நாள் ஒருமுறை போங்கள். மூன்றாம் மாசம் போங்கள். தீபாவளியன்று கட்டாயம் போங்கள். ஊரெல்லாம் வெடிக்கிற அன்று அந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செத்தவர் பேரைச் சொல்லிப் பேசுங்கள். ‘மறந்திரு, மனசத் தேத்திக்க’ என்று புத்தி சொல்லாதீர்கள். புருசனைப் பறிகொடுத்தவளுடைய வளையலை உடைக்கவும் பூவைப் பறிக்கவும் விடாதீர்கள். அந்தச் சடங்கு நமக்கு வேண்டாம். தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

படித்த பிள்ளைகள் தாளைக் கையில் எடுக்க வேண்டும். எதையும் வாசிக்காமல் ரேகை வைக்க விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கூலிச் சீட்டு, வேன் டிரைவர் சாட்சி என்று எது கிடைத்தாலும் நகலெடுத்து வையுங்கள். பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். வருசத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு 2 லட்சம் உண்டு. 436 ரூபாய் பிடித்திருந்தால் ஆயுள் காப்பீடு 2 லட்சம் உண்டு. இரண்டும் பிடித்திருந்தால் இரண்டையும் கேளுங்கள். வேலையிடத்துச் சாவுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் வருசச் சட்டம். இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது, பொறுப்பு மாறவில்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாலும் ஆலை முதலாளி கைகழுவ முடியாது. அச்சங்குளம் வழக்கில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை நினைவில் வையுங்கள். விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று முதலமைச்சர் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். அதைக் கலெக்டர் ஆபீசில் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிணவறை வாசலில் எல்லாச் சாதிப் பெண்களும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வண்டிகள் தனித்தனிச் சுடுகாட்டுக்குப் பிரிந்தன. ஒரே அறையில் கருகியவர்களைக் கூட ஒரே மண்ணில் புதைக்க இந்த ஊர் சம்மதிக்கவில்லை. ஆனாலும் பிணவறை வாசலில் சேர்ந்து அழுதவர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் சேர்ந்து நிற்கலாம். அதற்கான அழைப்பு நம்மிடமிருந்து போகட்டும். ஊர்த்தெருவில் அந்த ஆலையில் செத்த ஒரு பெண்ணின் வீடு இருந்தால் அங்கேயும் போவோம், துட்டி கேட்போம். இழவு சொல்லியாகப் போக வேண்டாம், பறையோடு போக வேண்டாம். கூட வேலை பார்த்தவளின் சொந்தமாகப் போய் அதே பெஞ்சில் உட்காருவோம்.

கவுண்டருக்கு வெளியே நின்ற அந்த அம்மாவின் மனுவை மறுநாள் நானே எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு எழுதத் தவறியது அது.

தோழமையுடன்,
ஆசிரியர்