வானத்துப் பறவைகளும் வாகனக் கட்டணமும்

சென்ற கார்த்திகைத் திங்களில் காவிரிப் படுகையிலுள்ள பங்குப் பள்ளி ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். ஆறாம் வகுப்பின் சுவரில் ஒரு பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. "கல்விச் சுற்றுலா" என்பது அதன் தலைப்பு. நாற்பத்திரண்டு பெயர்கள், பணம் செலுத்தியோர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறி. குறி விழாத பெயர்களை எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. அப்பதினொரு பேரும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் நாள்தோறும் அமர்ந்து பாடம் படிக்கிறார்கள்.

வகுப்பாசிரியையான அருட்சகோதரி, அப்பதினொருவரில் ஒருத்தியை அழைத்து, "நீ ஏம்மா வரல்லே?" என்று பரிவோடு கேட்டார். "எனக்குப் பஸ் ஒத்துக்காது, சிஸ்டர். வாந்தி வந்துடும்" என்று தலை குனிந்தவாறே சொல்லிவிட்டு ஓடிவிட்டாள் அவள். பின்னர் சகோதரி நம்மிடம் கூறியது இது: அச்சிறுமி தன் கிராமத்திலிருந்து காலையும் மாலையும் பேருந்தில்தான் வந்து போகிறாள்; ஒருநாளும் அவளுக்குத் தலை சுற்றியதில்லை. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் கூலிப்பெண். தந்தை திருப்பூரில் வேலை தேடிப் போயிருக்கிறார். வீட்டில் பணமில்லை என்று சொல்லக் கூசிய அக்குழந்தை, தன் வயிற்றின்மீதே பழியைப் போட்டுவிட்டாள்.

சுற்றுலா எங்கே என்று கேட்டோம். செயற்கை அலையும் சறுக்கு மரமும் உள்ள ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவிற்காம்! குழந்தைகள் விளையாடட்டும், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதற்குக் "கல்வி" என்ற அடைமொழி எதற்கு என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வரும் ஊர்ப் பிள்ளைகளைக் குழாய்த் தண்ணீரில் குளிக்க வைக்க அவ்வளவு தொலைவு அழைத்துப் போகவேண்டுமா என்றும் எண்ணினோம்.

நம் கண்ணெதிரே என்ன இருக்கிறது என்பதைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். தஞ்சையிலிருந்து மன்னார்குடிச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் வடுவூர் ஏரி. காவிரி நீராலும் மழையாலும் நிரம்புகின்ற, வயலுக்குப் பாயும் சாதாரணப் பாசன ஏரிதான் அது. 1999-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐப்பசி முதல் மாசி வரை அங்கே கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும், நத்தைகுத்தி நாரையும், வடநாட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வரும் வாத்தினங்களும் கூடுகின்றன. 2022-இல் வடுவூரும், அதே திருவாரூர் மாவட்டத்திலுள்ள உதயமார்த்தாண்டபுரமும், உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் அறிந்த ஏரியை ஊரார் அறியவில்லை. நாம் வினவிய அவ்வகுப்பில் வடுவூரைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்தவர் பலர். இறங்கிப் பார்த்தவர் இருவர்.

இன்னும் தெற்கே சென்றால் வேதாரணியத்திற்கு அப்பால் சுமார் 11 கிலோமீட்டரில் கோடியக்கரை. அக்காட்டை அரசு 1967-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆக்கிற்று. புல்வெளியில் துள்ளும் வெளிமான்களையும், உப்பு நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தையும் ஒரே நாளில் காணத்தக்க இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. பறவையியல் பேரறிஞர் சலீம் அலியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், அங்கே வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவை வந்துபோகும் வழியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் அக்காட்டின் மரங்களை முறித்துப் போட்டதையும், அதன்பின் காடு தானே தளிர்த்ததையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அப்புயலில் தங்கள் வீட்டுத் தென்னைகளை இழந்த பிள்ளைகள் பலர் நம் பள்ளிகளில் உண்டு. அவர்களுக்கு அது வெறும் பாடமாக இராது.

எனினும் நம் உள்ளத்தில் முதலிடம் பெற்றது முத்துப்பேட்டை அலையாத்திக் காடே. காரணம் கூறுவோம். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மும்மடங்காகிறது. இவற்றுள் கோரையாறும் பாமணியாறும் ஆயிரமாயிரம் வயல்களுக்குப் பாய்ந்து மீந்த நீரோடு முத்துப்பேட்டை உப்பங்கழியை அடைகின்றன. பாமணியாற்று மதகில் நீந்தி விளையாடும் சிறுவனை நிறுத்தி, "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "கடலுக்கு" என்பான், அதுவும் புத்தகத்தில் படித்ததால். அந்நீர் கடலைத் தொடுமுன் எந்தச் சேற்றில் தங்குகிறது, அச்சேற்றில் வெண்கண்டல் மரம் ஏன் வேரை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகிறது, அவ்வேர்களிடையே இறால் குஞ்சு எப்படி வளர்கிறது என்பதை அவன் கண்டதில்லை. சுவாச வேர் என்னும் சொல்லைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருப்பான். வீட்டில் பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகால், இறுதியில் யாருடைய மீன்வலையைச் சென்று சேருகிறது என்பதையும் அங்கே சொல்லாமலே காட்டலாம். வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, பட்டுப்போன இடங்களில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழி செய்து, கண்டல் செடிகளை மீண்டும் வளர்த்திருக்கின்றன. வாய்க்கால் வெட்டத் தெரிந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட எளிதில் விளங்கும் பாடம் வேறு இல்லை. அங்கே படகில்தான் செல்லவேண்டும். ஆகவே உயர்வகுப்பு மாணவருக்கே அது ஏற்றது. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை இருந்தாலன்றிப் படகை அவிழ்க்க விடலாகாது.

பாடம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. பணம்? சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று ஆணையிட்டது. அதன் பயனாக நூல்கள் வந்தன, தேர்வுகள் வந்தன. 2001-இல் மத்திய அரசு தேசியப் பசுமைப் படையைத் தொடங்கிப் பள்ளிதோறும் சூழல் மன்றங்களை அமைத்தது. ஒரு மன்றத்திற்கு ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாய், பின்னர் 5,000 ரூபாய் என உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. மன்றத்தில் ஐம்பது பிள்ளைகள் எனக் கொண்டால், ஆண்டு முழுவதற்கும் தலைக்கு நூறு ரூபாய்! மரக்கன்றும் பதாகையும் வாங்கவே அது சரியாகிவிடும். சரணாலயத்தின் வாயிற்கட்டணமோ பெரும் பாரமன்று. வழியை அடைப்பது பேருந்து வாடகை.

இது நமக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டில் 2015-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் தேசியப் பூங்காக்களில் ஓராண்டு இலவச அனுமதி வழங்கினர். வாயிலைத் திறந்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடாது என்பதை அவர்களும் உணர்ந்தே இருந்தனர். அங்குள்ள தேசியப் பூங்கா அறக்கட்டளை பள்ளிப் பேருந்துச் செலவுக்கென்றே நன்கொடை திரட்டி வழங்கியது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை என்றால், நடவுக்கூலியை நம்பி வாழும் நம் மக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே இன்னொரு சிக்கலையும் நாம் கவனிக்கவேண்டும். பறவைகள் வரும் பருவம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. சம்பா நடவு முடிந்து, களையும் பறித்தாகி, அறுவடை தொடங்காத பருவமும் அதுவே. கூலிக்காரர் வீட்டில் ரொக்கம் அற்றுப்போகும் மாதங்கள் இவை. அறுவடை இயந்திரங்கள் வந்தபின் தை மாதக் கூலியும் முன்போல் இல்லை. பறவை வரும் வேளையில் பெற்றோர் கையில் காசு இராது. காசு வரும் வேளையில் தேர்வு நெருங்கிவிடும். "அறுநூறு ரூபாய் கொண்டு வா" என்று கார்த்திகையில் கேட்கும் தலைமையாசிரியர் இதை அறியாதவர் அல்லர். ஆயினும் பேருந்துக்காரர் முன்பணம் கேட்கிறாரே, அவர் என்ன செய்வார்?

ஆகவே, இப்பொறுப்பைப் பெற்றோர் தலையிலிருந்தும் பள்ளியின் தலையிலிருந்தும் எடுத்துப் பங்கின் தலையில் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. வேளாங்கண்ணித் திருயாத்திரைக்கு ஊரே சேர்ந்து வேன் அமர்த்தத் தெரிந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து அமர்த்த நமக்குத் தெரியாதா? நம் பாட்டிமார் காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவ்வழக்கம் சில ஊர்களில் இன்றும் உண்டு. ஒரு பிடி ஐம்பது கிராம் எனக் கொண்டால், வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. முப்பது வீடுகள் கொண்ட ஓர் அன்பியத்தில் மாதம் 45 கிலோ. ஆறு மாதத்தில் 270 கிலோ. பங்கின் மாணவர் விடுதியே அதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டால் அலைச்சலும் இல்லை. இரண்டு அன்பியங்கள் கைகோத்தால் ஒரு வகுப்பு வடுவூர் சென்று திரும்பலாம். (நியாயவிலைக் கடையில் வாங்கிய அரிசி இதற்கு ஆகாது, அதை விற்பது குற்றம். கலயத்தை நிரப்பவேண்டியவர் நிலமும் சம்பளமும் உடைய வீட்டாரே.) வைகாசியில் தொடங்கினால் கார்த்திகைக்குள் தொகை சேர்ந்துவிடும்.

இதை ஒரு பங்குத்தந்தையிடம் நாம் கூறியபோது அவர் சிரித்துக்கொண்டே, "பாதுகாவலர் திருவிழா வாணவேடிக்கையில் ஒரு பத்து நிமிடத்தைக் குறைத்தாலே பேருந்து வந்துவிடும். ஆனால் குறைக்கலாம் என்று நான் சொன்னால் என்னை மாற்றச் சொல்லி ஆயரிடம் மனுப் போவது உறுதி" என்றார். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு எந்த மனுவும் தேவைப்படவில்லை என்பதை அத்தந்தையின் பங்கு மக்களுக்கு இவ்விடத்தில் தெரிவித்துக்கொள்கிறோம்.

"இது கோயில் செய்யவேண்டிய வேலையா?" என்று கேட்போரும் இருப்பர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட "லவுதாத்தோ சி" சுற்றுமடலில், படைப்பைப் பேணும் கல்வி பள்ளியிலும் குடும்பத்திலும் மறைக்கல்வியிலும் நடைபெற வேண்டும் என்பதற்கே ஓர் அதிகாரத்தின் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். அதற்கும் முன்பே, வானத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று நம் ஆண்டவர் கூறிய இடம் எது? கூரையின்கீழ் அன்று, மலைமேல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினால் பறவை தெரியும். மறைக்கல்வி வகுப்பில் அப்பகுதியை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, தலையை நிமிர்த்தினால் தெரிவது மின்விசிறி.

இனிச் செய்முறை. சுவரில் பட்டியல் ஒட்டாதீர்கள். சென்றால் வகுப்பு முழுவதும் செல்லட்டும், இல்லையேல் எவரும் செல்ல வேண்டாம். பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும். வனத்துறை அலுவலகத்திற்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். வடுவூருக்காயின் காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஒடுங்கிவிடும். மழை வலுத்திருந்தால் பயணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பறவைகள் இருக்கும். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். புளியோதரையை வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பை எதுவும் ஏரிக்கரைக்கு வரலாகாது. பறவைகளின் பெயரைச் சொல்ல ஆசிரியைக்குத் தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். வகுப்பில் மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளையோ ஆடு மேய்க்கும் பிள்ளையோ ஒருவன் இருப்பான், அவனை முன்னே விடுங்கள்.

அச்சிறுமிக்குப் பேருந்து உண்மையாகவே ஒவ்வாது என்றால், முன் இருக்கையில் சன்னலோரமாக அமர்த்தி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.