மனைவி முகமும் முதலாளி கணக்கும்

"எவ்வளவு நேரந்தான் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?"

இப்படிக் கேட்டவர் கூத்து மேடைக் கோமாளி அல்ல. லார்சன் அண்டு டூப்ரோ என்ற மாபெரும் கம்பெனியின் தலைவர் ஸ்ரீ எஸ். என். சுப்பிரமணியன் கேட்டார். இவ்வளவு பெரிய கம்பெனியில் சனிக்கிழமையும் ஏன் வேலை என்பது அவர்முன் வந்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம் என்று பதில் சொன்னார். வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்யவேண்டும் என்பது அவருடைய போதனை. 2025 ஜனவரியில் இந்தப் பேச்சு நாடெங்கும் பரவிற்று.

பரவிய கையோடு பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கைப்பேசிக்குக் கைப்பேசி கேலிப் படங்கள் பறந்தன. மனைவி முகத்தைப் பார்க்காவிட்டால் போகிறது, மேனேஜர் முகத்தைப் பார்ப்பதற்கு என்ன கூலி என்று கேட்டார்கள். கலியாணம் ஆகாதவன் யார் முகத்தைப் பார்ப்பது என்றும் கேட்டார்கள். மகிந்திரா கம்பெனித் தலைவர் ஆனந்த் மகிந்திராவே, என் மனைவி அருமையானவர், அவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிரியம் என்று சொன்னார். முதலாளியே முதலாளியைக் கேலி செய்யும் விந்தையும் நடந்தது!

நமது ஆலைத் தோழர் ஒருவரின் மகனும் பெங்களூரில் இந்த வேலையில்தான் இருக்கிறான். சனிக்கிழமை காலை திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் வந்து இறங்கினான். முதுகில் பை, பைக்குள் கம்பெனிக் கம்ப்யூட்டர். "லீவிலுமா இதைத் தூக்கிக்கிட்டு வர்றே?" என்று கேட்டோம். "கிரிவலம் மாசத்துக்கு ஒருதரம் மாமா, மேனேஜர் வலம் தினமும் உண்டு" என்று சிரித்தான். டீக்கடை பெஞ்சிலேயே ஒரு கணக்கும் போட்டுக் காட்டினான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 90. மீதி 78. நாளுக்கு 7 மணி தூக்கம் என்றால் 49 போயிற்று, மீதி 29. குளிக்க, சமைக்க, சாப்பிட, பெங்களூர் நெரிசலில் போய்வர நாளுக்கு 3 மணி என்று வையுங்கள், 21 போயிற்று. மிஞ்சுவது வாரத்துக்கு 8 மணி. "இந்த எட்டு மணி நேரத்துல அம்மாவுக்குப் போன் பண்ணணும், ஊருக்கு வரணும், பொண்ணு பார்க்கணும் மாமா" என்றான். நாமும் சிரித்தோம். வேறென்ன செய்வது?

தலைவர் அவர்களின் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2023-24ஆம் ஆண்டில் அவர் பெற்ற ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். கம்பெனி ஊழியர்களைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதைப்போல் 534 மடங்கு. ஊழியர் 48 மணியும் தலைவர் 90 மணியும் உழைப்பதாகவே வைத்துக்கொள்வோம். நேரத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. சம்பளத்தில் 534 மடங்கு! எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த பெருக்கல் வாய்பாடு இது?

கழனி வேலை செய்யும் நம் தோழர்களுக்கு அவருடைய கேள்வி புதிதல்ல. வெள்ளி முளைக்கும் முன் ஏர் பூட்டி, பொழுது சாய்ந்தும் கரையேறாமல் நின்றவனைப் பார்த்துப் பண்ணையார் கேட்டதும் இதுதானே? "வூட்டுக்குப் போயி என்னத்தடா கிழிக்கப் போறே?" பண்ணையார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார், இவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கேட்கிறார். அடுத்த மாதமே, 2025 பிப்ரவரியில், சென்னையில் முதலாளிகள் கூடிய மாநாட்டில் இவரே இன்னொன்றும் சொன்னார்: அரசாங்க நலத் திட்டங்கள் கிடைப்பதால் கட்டட வேலைக்காரர்கள் வெளியூர் வர மறுக்கிறார்களாம்! படித்த பிள்ளை வீட்டில் மனைவி முகம் பார்க்கிறான், படிக்காத கூலியாள் ஊரில் சுகமாக இருக்கிறான் என்று இரண்டு பேர்மீதும் ஒரே குற்றச்சாட்டு.

இந்த உபதேசத்தை முதலில் தொடங்கியவர் இன்போசிஸ் ஸ்தாபகர் ஸ்ரீ நாராயணமூர்த்தி. நாட்டுக்காக இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னார். 2024 மார்ச்சில், பிறந்து நான்கே மாதமான பேரனுக்கு 15 லட்சம் பங்குகளைப் பரிசளித்தார். அன்றைய மதிப்பு சுமார் 240 கோடி ரூபாய். குழந்தை தொட்டிலில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தது என்று ஐ.டி. பிள்ளைகள் கேட்டதில் தவறென்ன? அதே கம்பெனியில் 2022ல் வேலை உத்தரவு வாங்கியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் வீட்டில் காத்துக் கிடந்தார்கள். அப்போது நாட்டுக்காக வாரத்துக்குப் பூஜ்யம் மணி!

ஆனால் சிரிப்பு நின்றுபோகும் இடம் ஒன்று இருக்கிறது.

ஆலைத் தோழர்களுக்குப் பதிலி என்றால் விளக்க வேண்டியதில்லை. காலையில் கேட்டுக்கு வந்து நிற்கவேண்டும். ஆள் குறைந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. ஐ.டி. கம்பெனியில் அதன் பெயர் பெஞ்சு. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்கும் காலம் அது. ஆலைப் பதிலிக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இவர்களுக்குச் சம்பளம் உண்டு. அது ஒன்றுதான் வித்தியாசமாக இருந்தது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கம்பெனி வருஷத்தில் 35 நாளுக்குமேல் பெஞ்சில் இருக்கக்கூடாது என்று விதி போட்டது. வேலை கொடுப்பது கம்பெனி. வேலை இல்லையென்றால் குற்றம் ஊழியன்மேல்! ஜூலையில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களை, வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. நஷ்டமா? ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றே மாதத்தில் லாபம் 12,760 கோடி ரூபாய். வெளியே போகும் ஒவ்வொரு தலைக்கும் ஏறக்குறைய ஒரு கோடி! புது யந்திர மூளை வந்ததால் அல்ல, திறமை பொருந்தாததால்தான் என்று கம்பெனி சொல்லிற்று. இருபது வருஷம் பொருந்திய திறமை ஒரே ஜூலையில் பொருந்தாமற் போன மாயம் நமக்கு விளங்கவில்லை.

இங்கேயும் கேலிப் படங்கள் வந்தன. பெஞ்சு இருந்த இடத்தில் கதவு, கதவுக்குப் பக்கத்தில் மிஷின் என்று விதவிதமாக வந்தன. அவன் காட்டியபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. வீட்டுக் கடனுக்கு இன்னும் 14 வருஷம் தவணை இருக்கிறதாம்.

கேலியை நாம் குறைவாகச் சொல்ல வரவில்லை. நடவு வயலில் பெண்கள் மணியக்காரரைக் கேலி பண்ணாத ஊர் உண்டா? மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் வைக்காத ஆலை உண்டா? பயம் தெளிவதற்கு அதுதான் முதல் மருந்து. சீன தேசத்துப் புரோகிராமர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். காலை 9 மணி முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் வேலை வாங்கும் வழக்கத்துக்கு அங்கே 996 என்று பெயர். அப்படி உழைத்தால் ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சை வார்டில்தான் படுக்க வேண்டும் என்ற கேலியையே பெயராக வைத்து, 2019 மார்ச்சில் ஓர் இயக்கம் கிளப்பினார்கள். அப்படி வேலை வாங்கும் கம்பெனிகளின் பெயர்களையும் ஜாபிதா போட்டு ஊரறிய வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்று கூறிற்று. 996 என்றால் 72 மணி நேரம். 72 மணியே சட்டவிரோதமான நாட்டைத்தான் நமது தலைவர் 90 மணிக்கு உதாரணம் காட்டினார்!

கேலி ஜாபிதாவாக மாறிய இடத்தைக் கவனியுங்கள். நமது பிள்ளைகள் படத்தை அனுப்பிவிட்டு, இரவு 9 மணிக்கு மறுபடி கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள். அவரவர் அறையில் தனித்தனியாகச் சிரிப்பு. தனித்தனியாகவே ராஜினாமாக் கடிதம். பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளிக்கு மத்தியானச் சோற்றுக்கு அரை மணிதான் இடைவேளை இருந்தது. அவனும் அதைக் கேலி பேசியிருப்பான். 1918 ஏப்ரல் 27ந் தேதி வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அரை மணியை 40 நிமிடமாக்கு என்பது அதன் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. பத்தே நிமிடம்! அந்தப் பத்து நிமிடத்தை யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை. இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமா? 2023 ஏப்ரல் 21ந் தேதி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. சங்கங்கள் எழுந்து நின்றன. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார்.

ஐ.டி. கம்பெனியில் சங்கம் கூடாது என்று ஒரு நம்பிக்கை அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். அது பொய். அங்கே வேலை செய்பவர்களும் சங்கம் அமைக்கலாம், சட்டத்தில் விதிவிலக்கு எதுவுமில்லை என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவாக்கிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் சங்கங்கள் இருக்கின்றன, டி.சி.எஸ். ஆட்குறைப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் அவர்கள்தான்.

நம்மவர்களிலும் சிலர், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு என்ன குறை என்று பேசுகிறார்கள். அவர்கள் வேற்று ஜாதி அல்ல, தோழர்களே. நம் வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகள். தீபத்துக்கு ஊர் வரும்போது எத்தனை சம்பளம் என்று கேட்கிறோம். போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்பதில்லை. இந்தத் தடவை கேளுங்கள். சங்கத்துக்கு விலாசம் வேண்டுமென்றால் நமது ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.