செல்ஃப் எடுக்குது, கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்!

ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம். சாவியைத் திருப்பினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது. ஆனால், கார் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "பேட்டரி போயிடுச்சு சார்" என்பார். வாட்ச்மேன் "தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று கையை மடித்துவிடுவார். இந்த நிலையில் இரண்டுமே பெரும்பாலும் வீண் வேலைதான்!

காரணம் எளிது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் செய்யும் வேலை, இன்ஜினைச் சுற்றிவிடுவது. காரைத் தள்ளுவதும் அதற்காகத்தான். இன்ஜின் ஏற்கெனவே வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால், சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் உயிர் பெற எரிபொருள், ஸ்பார்க், காற்றும் அதை அமுக்கும் கம்ப்ரஷனும் ஆகிய மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். இவற்றில் எது வரவில்லை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சத்தம்

'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அல்லது இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, டெர்மினல் பக்கம் பாருங்கள். வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியைப் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு சத்தம் உண்டு. வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் 'விர்ர்ர்' என்று சுற்றினால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இதற்குப் பிறகு ஒருமுறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றும் செலவோடு முடிய வேண்டியது, இன்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

அடுத்து டேஷ்போர்டு

சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறதா? அது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பை கார் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். சில கார்களில் இந்த நிலையிலும் செல்ஃப் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகாது. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், இன்ஜினின் கம்ப்யூட்டருக்கே கரன்ட் போகாமல் இருக்கலாம். ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வருகிறதா?

கேஜ் முள் கால் டேங்க் காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். டேங்க்குள் இருக்கும் மிதவை சிக்கிக்கொண்டால் முள் பொய் சொல்லும். சி.என்.ஜி கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பல மாடல்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறும். 'கேஸ் ஃபுல்லா இருக்கே' என்று பெட்ரோலை மறந்துவிட்டால், கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அடுத்து, ஏ.சி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட் பக்கமிருந்து இரண்டு, மூன்று விநாடிகளுக்கு மெல்லிய 'ங்ங்ங்' சத்தம் கேட்கும். அதுதான் ஃப்யூல் பம்ப். கேட்கவில்லை என்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ் மூன்றில் ஒன்று. சில ரூபாய் ஃபியூஸ் எரிந்திருக்க, ஆயிரக்கணக்கில் பம்ப் மாற்றிவிட்டு வருபவர்களும் உண்டு. ஃபியூஸ் மாற்றும்போது அதே ஆம்பியரில்தான் போட வேண்டும்.

மூக்கும் ஒரு மெக்கானிக்

பலமுறை செல்ஃப் அடித்த பிறகு பெட்ரோல் நெடி வருகிறதா? பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்குகள் நனைந்திருக்கலாம். போர்ட்டிகோவிலிருந்து காரை வெளியே எடுத்து, உடனே ஆஃப் செய்துவிட்டால் மறுமுறை இப்படி ஆவதுண்டு. பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படிச் செய்தால் பெட்ரோல் நின்று, காற்று மட்டும் உள்ளே போய் பிளக் காயும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

காருக்கு அடியில் பெட்ரோல் சொட்டினால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, எல்லோரும் தள்ளி நில்லுங்கள்.

டீ குடித்துவிட்டு வந்தால் மக்கர்!

ஹைவேஸில் இரண்டு மணி நேரம் அருமையாக ஓடிய கார், டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இந்த அறிகுறி இருந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் இது. சூட்டில் இது மௌனமாகிவிட்டால், எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பல நாள் நிறுத்தி வைத்த கார் என்றால் பானெட்டைத் திறந்து பாருங்கள். எலி கடித்த ஒயர் ஒன்றே போதும், காரை முடக்க!

டீசல் காரா?

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தாலும், டேங்க் காலியாகி லைனில் காற்று புகுந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. காற்று புகுந்திருந்தால், டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

மழை வெள்ளத்தில் நின்ற காரா?

சாவியைத் தொடவே தொடாதீர்கள். சென்னை 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் இது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால், அமுங்காத தண்ணீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். தனியாக இன்ஜின் புரொடெக்‌ஷன் எடுக்காத பல பாலிசிகளில் இதற்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். 'டோ' செய்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதுதான் சரி.

இதை மறக்காதீர்கள்

* ஒருமுறைக்கு 5 முதல் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவே அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகும். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

* ஸ்பார்க் வருகிறதா என்று வீட்டிலேயே காயிலைக் கழற்றிப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் இடம் அது.

* சாலையில் நின்றுவிட்டால் முதலில் ஹசார்டு விளக்கு, முக்கோணப் பலகை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம்.

* செல்ஃப் எடுக்கும் சத்தத்தையும் டேஷ்போர்டு விளக்குகளையும் மொபைலில் வீடியோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். பம்ப் சத்தம் கேட்டதா, நெடி வந்ததா, இன்ஜின் சூடாக இருந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

"பம்ப் மாத்தணும், சென்சார் மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால், "ஸ்கேனர் போட்டுப் பார்த்தீங்களாண்ணே? ஃப்யூல் ப்ரெஷர் செக் பண்ணீங்களா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், பார்த்ததைக் காட்டுவார். சோதித்துவிட்டு மாற்றினால் ஒரு பார்ட்ஸ். சந்தேகத்தில் மாற்ற ஆரம்பித்தால், பில்லுக்கு முடிவே கிடையாது!