அர்த்தம் கேட்ட ரிக்ஷாக்காரர்

அபிமான எழுத்தாளரை நேரில் பார்த்தால் வாசகர் என்ன கேட்பார்? ஒரு கையெழுத்து. கொஞ்சம் துணிச்சல் இருந்தால், சேர்ந்து நின்று ஒரு புகைப்படம். கல்கத்தாவின் யாதவ்பூர் பகுதியில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டிக்கொண்டிருந்த மனோரஞ்சன் ப்யாபாரி கேட்டது, ஒரு சொல்லுக்கு அர்த்தம். அதுவும், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலேயே.

1980களின் தொடக்கம். பிஜய்கட் ஜோதிஷ் ராய் கல்லூரிக்கு அருகே சவாரிக்காகக் காத்திருந்தார் ப்யாபாரி. அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகம் மகாஸ்வேதா தேவியின் 'அக்னிகர்ப்பா'. கல்லூரியிலிருந்து வந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி ரிக்ஷாவில் ஏறினார். பார்த்தால் பேராசிரியை என்று தோன்றியது. ப்யாபாரியை ஒரு சொல் உறுத்திக்கொண்டிருந்தது. வேறொரு புத்தகத்தில் படித்த 'ஜிஜிபிஷா' என்ற சொல். படித்தவராயிற்றே, இவருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டுவிட்டார்.

உயிர் வாழ வேண்டும் என்ற வேட்கை என்று அர்த்தம் சொன்னார் அந்தப் பெண்மணி. ரிக்ஷா ஓட்டுபவருக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று விசாரிக்கவும் செய்தார். பள்ளிக்கூடம் அறியாத மனிதர், கிடைத்ததையெல்லாம் படிக்கிறார் என்று தெரிந்தது. தாம் ஒரு பத்திரிகை நடத்துவதாகவும், அதில் உழைக்கும் ஜனங்களே எழுதுவதாகவும், அவரும் எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். பெயரைப் படித்த ப்யாபாரி திகைத்துப் போனார். மகாஸ்வேதா தேவி!

தமிழ் வாசகர்களுக்கு '1084-இன் அம்மா' நாவல் மூலம் பரிச்சயமானவர். அந்தச் சமயத்தில் சாகித்திய அகாதெமி விருதும் (1979) பெற்றுவிட்ட பிரபலம். அவர் அன்று அர்த்தத்தைச் சொல்லி, சவாரிக்கான காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரிக்ஷாவை மிதித்துக்கொண்டிருந்தவரின் கதை லேசானதல்ல. கிழக்கு வங்காளத்தின் பரிசால் பகுதியில், ஒரு காலத்தில் 'சண்டாளர்' என்று இழிவாக அழைக்கப்பட்ட நாமசூத்திர சாதியில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அகதியாக மேற்கு வங்காளம் வந்தது. முகாம் வாழ்க்கை, பட்டினி, கிடைத்த கூலி வேலை, எழுபதுகளின் நக்சல் கொந்தளிப்பு, கடைசியில் ஜெயில். அங்கேதான் எழுத்துகள் அறிமுகமாயின. சக கைதி ஒருவர் சொல்லிக் கொடுக்க, சிறை முற்றத்து மண்ணில் குச்சியால் எழுதிப் பழகியபோது ப்யாபாரிக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. விடுதலையாகி ரிக்ஷா மிதித்தபோதும் படிக்கும் பசி மட்டும் அடங்கவில்லை.

மகாஸ்வேதா குறிப்பிட்ட பத்திரிகை 'பர்த்திகா'. அவருடைய தந்தை மனீஷ் கட்டக் நடத்தி வந்தது. 1979இல் அவர் இறந்த பிறகு பொறுப்பேற்ற மகள், பத்திரிகையின் முகத்தையே மாற்றினார். விவசாயக் கூலிகளும் ஆதிவாசிகளும் ஆலைத் தொழிலாளிகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதுவதற்கான இடமாக அது ஆயிற்று. ஏழைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியது போதும் என்று நினைத்திருப்பார் போலும். 1981இல் ப்யாபாரியின் முதல் கட்டுரை அதில் வெளியாயிற்று. விஷயம்: ரிக்ஷா ஓட்டும் வாழ்க்கை.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று சொன்னால் அது சினிமா. அச்சில் பெயர் வந்ததால் அடுப்பு எரிந்துவிடவில்லை. சத்தீஸ்கரில் சங்கர் குஹா நியோகியின் தொழிலாளர் இயக்கத்தில் இருந்தார். கல்கத்தா திரும்பி, காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் பல வருடங்கள் சமையல்காரராக வேலை பார்த்தார். கரண்டி பிடித்த கையாலேயே நாவல்களும் சிறுகதைகளும் எழுதினார். வங்க இலக்கிய உலகம் அவரை நிதானமாகத்தான் திரும்பிப் பார்த்தது. வங்காளத்தில் தலித் எழுத்து உண்டா என்று அவர் எழுப்பிய கேள்வி, மீனாட்சி முகர்ஜியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2007இல் வெளியான பிறகே வெளியுலகம் அவரைக் கவனித்தது. சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2018ஆம் ஆண்டின் 'தி ஹிந்து' பரிசு கிடைத்தது. 2020இல் மேற்கு வங்க தலித் சாகித்திய அகாதெமியின் தலைவர். 2021இல் பாலாகட் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

முதல் கட்டுரைக்கும் இவற்றுக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருட உழைப்பு இருக்கிறது. அது முழுக்க முழுக்க ப்யாபாரியுடையது. மகாஸ்வேதா செய்தது சின்ன காரியம்தான். அனுதாபப்பட்டு பத்து ரூபாய் கூடக் கொடுப்பது சுலபம். 'உன்னிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, எழுது' என்று முன்பின் தெரியாத ஒரு ரிக்ஷாக்காரரிடம் சொல்ல, அவரைச் சமமாக மதிக்கும் மனம் வேண்டும். சொன்னதோடு நிற்காமல், எழுதியதை அச்சிடவும் வேண்டும்.

மகாஸ்வேதா தேவி 2016 ஜூலை 28 அன்று மறைந்தார். அவரிடமிருந்து கையெழுத்து வாங்கிய ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ப்யாபாரிக்கும் ஒன்று கிடைத்தது. துண்டுக் காகிதத்தில், விலாசத்தோடு.