அட்சய திருதியைத் தங்கம் வளர்வதில்லை

அட்சய திருதியை அன்று குன்றிமணித் தங்கமாவது வாங்கினால் ஆண்டு முழுவதும் வீட்டில் பொன் சேரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. சித்திரை வளர்பிறையின் அந்த மூன்றாம் நாளில் நகைக்கடைகள் விடியும் முன்பே கதவைத் திறக்கின்றன. நாளிதழ்களின் முதல் பக்கத்தில் செய்திக்கு இடமில்லாமல் ஆரமும் ஒட்டியாணமும் நிறைந்துவிடுகின்றன. கையில் காசில்லாதவர் கைமாற்று வாங்கியாவது ஒரு கிராம் நாணயத்துக்கு வரிசையில் நிற்கிறார். அதே நாளின் பெயரைச் சொல்லிக் காரும் கைப்பேசியும் வீட்டுமனையும்கூட விற்கப்படுகின்றன. இந்த நம்பிக்கைக்குச் சாத்திரத்திலும் இடமில்லை, கணக்கிலும் இடமில்லை.

அந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் புராணக் கதைகள் எதிலும் யாரும் எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. வனவாசத்தில் தேடி வந்தவர்களுக்குச் சோறிடப் பாண்டவர்களுக்குச் சூரியன் ஒரு பாத்திரம் தருகிறான். வறுமையில் வாடிய குசேலர் தம்மிடம் இருந்த அவலைக் கண்ணனுக்குக் கொண்டுபோகிறார். ஓராண்டு பட்டினி கிடந்த ரிஷபநாதர், ஒருவர் அளித்த கரும்புச் சாற்றைப் பருகி நோன்பை முடித்த நாளாகச் சமணர்கள் இதைப் போற்றுகிறார்கள். கும்பகோணத்தில் இதே நாளில் பன்னிரண்டு கோயில்களின் பெருமாள்கள் கருட வாகனத்தில் ஒரே இடத்தில் எழுந்தருள்கிறார்கள். கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீரும் மோரும் விசிறியும் குடையும் கொடுப்பதே இந்நாளின் பழைய கடமை. கொடுக்கும் நாளை வாங்கும் நாளாகத் திருப்பிப் போட்டது வணிகம். இன்று அறுபதைக் கடந்த தமிழர்கள் பலரின் இளமைக் காலத்தில் இந்த நாளுக்கும் நகைக்கடைக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

வாங்கிய பொன் வளரும் என்ற வாக்குக்குக் கடை தரும் ரசீதே மறுப்பு. ஒரு பவுன் என்பது 8 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இன்னொரு கிராமுக்குப் பணம் கட்ட வேண்டும். அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஆக, 8 கிராம் நகையை வாங்குபவர் ஏறக்குறைய 9.23 கிராமின் விலையைக் கொடுக்கிறார். அந்த 8 கிராமிலும் 916 முத்திரைப்படி தூய தங்கம் 7.33 கிராம்தான். அன்று மாலையே அதை விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வராது. போட்ட பணத்தில் 13 சதவீதத்துக்கு மேல் போனது போனதுதான். தங்கத்தின் விலை 15 சதவீதம் உயர்ந்த பிறகே முதல் கைக்கு வரும். வேலைப்பாடு கூடிய நகைக்குச் சேதாரமும் கூடும். கல் பதித்த நகையை விற்கும்போது கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். பெருக வேண்டிய பொன், கல்லாவிலேயே சுருங்கிவிடுகிறது.

சேதாரம் என்ற கணக்குக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பத்தர் கையால் உருக்கி, அடித்து, அரம் போடும்போது துகள் சிந்தும். அந்த இழப்பை நகை செய்யச் சொன்னவர் ஏற்றுக்கொண்டார். சிந்திய துகளும் வீணாவதில்லை. கோவையின் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி அலசித் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று இயந்திரத்தில் அச்சாக வரும் வளையலுக்கும் அதே பெயரில் பணம் வாங்குகிறார்கள். அட்சய திருதியைச் சலுகை என்று அறிவிப்பதும் பெரும்பாலும் இந்தச் சேதாரத்தில் ஒரு பகுதியைத்தான். வாங்குபவரிடமிருந்து எடுக்க வேண்டியதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அதையே வரமாக விற்கிறார்கள்.

தங்கத்தின் விலை ஏறியிருக்கிறதே என்பது இந்த நம்பிக்கைக்குச் சான்றாகாது. முதல் நாள் வாங்கியவருக்கும் மறுநாள் வாங்கியவருக்கும் அதே ஏற்றம்தான். இறங்கும்போது திதி பார்த்து வாங்கிய நகைக்கு விலக்குக் கிடைப்பதும் இல்லை. 2012 அட்சய திருதியையின்போது 10 கிராம் தூய தங்கம் சுமார் 29,000 ரூபாய்; 2015 ஜூலையில் அது 25,000 ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. அந்த நல்ல நாளில் நகை வாங்கியவருக்குச் சேதாரம் ஒரு நட்டம், விலை வீழ்ச்சி இன்னொரு நட்டம். சேதாரமே இல்லாத தங்கமும் இந்த நாட்டில் கிடைத்தது. 2015 நவம்பரில் அரசு தொடங்கிய தங்கப் பத்திரத்தில் செய்கூலி இல்லை, திருட்டுப் பயம் இல்லை, வட்டியும் உண்டு. வங்கியிலும் அஞ்சலகத்திலும் விற்ற அந்தப் பத்திரத்துக்காக விடியற்காலையில் யாரும் வரிசை கட்டவில்லை. 2024 பிப்ரவரியோடு புதிய வெளியீடும் நின்றுபோனது. செல்வம் பெருக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கூட்டம் அங்கே இருந்திருக்கும். ஆசை பொருளின் மேல் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் நான்கு சங்கிலியோடு ஐந்தாவதும் வேண்டும் என்பதற்குத் திதி ஒரு சாக்கு.

இந்த ஆசையை மாதத் தவணையாக்கியது நகைச் சீட்டு. பெரும்பாலான திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. 2014-இல் வந்த விதிகளின்படி, முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். நிறுவனம் கடுமையான கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிடும். சீட்டுக் கட்டியவர்களை ஏமாற்றிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் பல ஊர்களில் உண்டு. வீட்டு வேலை செய்து மாதம் ஆயிரம் கட்டிய பெண்கள் காவல் நிலைய வாசலில் ரசீது அட்டையோடு நின்றார்கள்.

கல்யாணப் பேச்சில் எத்தனை பவுன் போடுவீர்கள் என்ற கேள்வியும் இந்த நோயின் இன்னொரு முகம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் பெண் பிறந்த வீட்டில் அன்றிலிருந்தே பவுன் எண்ணத் தொடங்குகிறார்கள். அட்சய திருதியை விளம்பரங்களில் சிரிக்கும் மணப்பெண்ணின் உடல் முழுக்க மின்னும் நகை, ஒரு தகப்பனின் பல ஆண்டுக் கடன். அவளுடைய படிப்புக்கு என்று வந்தால் அதே குடும்பம் பத்து முறை யோசிக்கிறது.

வாங்கிய நகை எங்கே போய்ச் சேருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அது அடகுக்குப் போகிறது. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடன்களை 2021-இல் தமிழ்நாடு அரசே நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. நல்ல நாளில் வாங்கிய தங்கத்தால் அந்த வீடுகளில் செல்வம் பெருகியிருந்தால் அந்தத் தள்ளுபடிக்குத் தேவையே வந்திருக்காது. அடகுக் கடையில் நகையை மதிப்பிடுபவர் எந்தத் திதியில் வாங்கியது என்று கேட்பதில்லை. உரைகல்லில் உரைத்து, கல்லைக் கழித்து, எடை போட்டு, அந்த மதிப்பிலும் ஒரு பங்கைத்தான் கடனாகத் தருகிறார். வாங்கியபோது கொடுத்த சேதாரத்துக்கு அங்கே ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வட்டி கட்டாமல் தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். அந்த ஏல அறிவிப்புகளும் நாளிதழ்களில்தான் வருகின்றன, உள் பக்கங்களில், பொடி எழுத்தில்.