கூரைக்கும் வேண்டும் ஒரு புள்ளி வரி

காரைக்குடியில் தண்ணீர் உறைந்து பைப் வெடித்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மார்கழிப் பனி இங்கே வாசல் கோலத்தை ஈரமாக்குவதோடு சரி. தமிழ்நாட்டில் உறைபனியை நினைத்துப் பயப்பட வேண்டிய பைப் ஊட்டி தலைகுந்தா போன்ற மலைப் பக்கம்தான் இருக்கும். நம் ஊர் வீடுகளுக்கு ஆபத்து குளிருக்கு முன்பே, ஐப்பசி மழையாக வருகிறது. பிளம்பர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

எனக்கு வேலை கொடுக்கும் வீட்டுக்காரர் ஒருவர் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறார். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கக் கடுங்குளிர் அடித்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போய், சுவருக்குள் ஓடும் பைப்புகள் உறைந்து வெடித்தன. தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் பைப்பைக் கிழித்துவிடும். அந்த வருஷத்திலிருந்து குளிர்காலம் நெருங்கும்போதே வெளி டேப்புகளுக்கு உறை மாட்டிவிடுகிறார். கடுங்குளிர் ராத்திரிகளில் உள் டேப்பைச் சொட்டுச் சொட்டாக ஓடவிடுகிறார். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இதையெல்லாம் அவர் போனில் விவரமாகச் சொன்னபோது மனசார மெச்சினேன்.

அவருக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் சொந்தமான வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது. அதன் கூடல்வாயில் அரசங்கன்று முளைத்து முழங்கை உயரத்துக்கு நிற்கிறது.

முற்றத்தைப் பார்த்து நாலு பக்கமிருந்தும் இறங்கும் ஓட்டுச் சரிவுகள் மூலையில் சந்திக்கிற இடம் கூடல்வாய். அங்கே தகடு பதித்து, தண்ணீரைப் பீலிக்கு அனுப்பி, பீலியிலிருந்து முற்றத்தில் இறக்குவார்கள். முற்றத்துச் சரிவு 2,000 சதுர அடி என்று வையுங்கள். ஒரு ராத்திரியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். மூலையில் புறா எச்சமும் ஓட்டுச் சில்லும் வேப்பஞ்சருகும் அடைத்துக் கிடந்தால், தண்ணீர் தகட்டின் விளிம்பு ஏறிப் பின்பக்கம் போகும். அங்கே இருப்பது பர்மாத் தேக்கு. அதற்குக் கீழே, சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடி போல இழைத்த சுவர்.

தேக்குதானே, ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாதுதான். காயவே விடாமல் வருஷக்கணக்கில் ஈரம் நின்றால் சட்டத்தின் நுனி முதலில் போகும். ஒரு வீட்டில் சந்தேகப்பட்டுத் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தேன். கைப்பிடி வரை உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பூசிய வார்னிஷ் அப்படியே பளபளவென்று இருந்தது. இன்றைக்கு அந்தச் சட்டத்துக்கு ஈடாக ஒரு மரம் வாங்க அந்தக் குடும்பத்தால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கூடல்வாயை முன்பே சுத்தம் செய்திருந்தால் இரண்டு ஆளின் ஒருநாள் கூலிதான் ஆகியிருக்கும்.

தகட்டுக்கு ஒட்டுப்போட வருகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டில் செம்பு ஆணியோ பித்தளை ஸ்க்ரூவோ அடிக்கவே கூடாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து, துத்தநாகம் கரைந்து, பிறகு இரும்பும் அரித்துப் போகும். இதைக் கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே காலங்காலமாக நடக்கிறது. மழைக்கு முன்னால் எங்களைப் போன்ற வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ கூரைகள் பிழைக்கும்.

மேலே சுத்தம் செய்தால் மட்டும் போதாது. முற்றத்தில் இறங்கும் தண்ணீர் சலதாரை வழியாக வீட்டுக்கு அடியில் ஓடித் தெருவுக்குப் போக வேண்டும், தெருவிலிருந்து ஊரணிக்குப் போக வேண்டும். வீட்டையும் தெருவையும் ஊரணியையும் ஒரே வாட்டத்தில் இணைத்துக் கட்டிய ஊர்கள் இவை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்ததில் இந்த நீர் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. இப்போது பல தெருக்களில் ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, சலதாரை வாய் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. பெரிய மழையில் தெருத் தண்ணீர் திரும்பி முற்றத்துக்குள் வருகிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இலேயே அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவு போட்டார். மாநகராட்சியாக உயர்ந்துவிட்ட ஊரில் அந்த உத்தரவு ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மாடித் தண்ணீர்த் தொட்டியையும் கவனிக்க வேண்டும், அது பக்கத்து வீட்டாருக்கும் சேர்ந்த விஷயம். மூடி பறந்துபோன தொட்டியில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் மழை விழுந்தால் ஏழு, பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே தொட்டியைக் காலி செய்தால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூடி போட்டுக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயமா? இல்லை. ஒரு பெரிய வீட்டில் ஒரு பக்கத்தில் ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். "தம்பி, மழைக்கு முந்தி ஏறிப் பாத்துரு" என்று வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவார். ஏறிப் பார்த்துவிட்டு, இன்ன வேலை இருக்கிறது ஆச்சி என்பேன். "எனக்கு இதுல ஒரு பங்குதானேப்பா, மத்தவுகளைக் கேக்காம எப்படிச் செய்யச் சொல்றது?" என்பார். மற்றவர்கள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கும்போது மழை வந்துவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. பணமும் இல்லாமல் இல்லை. முடிவு சொல்ல ஓர் ஆள் இல்லை.

இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்களான நகரத்தார் குடும்பங்களுக்கு இதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளி வரி கொடுக்கிறவர்கள் அவர்கள். அதே கணக்கில் வீட்டுக் கூரைக்கும் ஒரு புள்ளி வரி வையுங்கள். ஆவணிக்குள் பணம் ஓர் இடத்துக்கு வரட்டும். புரட்டாசியில் வேலை முடியட்டும். இத்தனை ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்று ஊரில் இருக்கும் ஒருவருக்கு, அந்த ஆச்சிக்கே, அதிகாரம் எழுதிக் கொடுங்கள். மெயின் வால்வும் சலதாரை மூடியும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து முகப்புக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

தாமதிக்க முடியாத காரணம் ஒன்றும் இருக்கிறது. நாட்டு ஓட்டை உடைக்காமல் மேலே நடக்கவும், கூடல்வாய்த் தகட்டை ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் தெரிந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். புதிதாக வரும் பையன்களுக்குப் பிவிசி ஒட்டத்தான் தெரிகிறது. வருஷத்துக்கு வருஷம் வேலை உறுதி என்றால் இதையும் கற்றுக்கொள்வார்கள்.

முன்னோரைக் கும்பிடும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் ஒன்றுகூடும் நாளில் இதைப் பேசி முடித்துவிடுங்கள். அன்றைக்குச் சொல்லி அனுப்பினால், ஏணி கொண்டு வந்து கூடல்வாய் நாலையும் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டுகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.