குளியல் தொட்டியில் ஒருவன்

விருந்து முடிந்த மறுநாள் காலை, குளியல் தொட்டியில் முன்பின் தெரியாத ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான். 1973இல் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய ‘மேன் அபவுட் தி ஹவுஸ்’ தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கும். அவன் சமையற்கலை மாணவன் ராபின். வாடகையைப் பங்குபோட ஆள் தேடிய இரண்டு பெண்கள், அவன் கைப்பக்குவத்துக்காகவே வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். ‘லுக்-இன்’ என்ற சிறுவர் வார இதழ் அதைப் படக்கதையாகவும் போட்டது.

ஒரே நகைச்சுவை படக்கதையாகவும் தொடராகவும் வருவது நமக்கும் புதிதல்ல. எழுத்தாளர் தேவனின் நகைச்சுவைப் பாத்திரமான துப்பறியும் சாம்பு, ஓவியர் கோபுலுவின் கோட்டில் படக்கதையானார். தூர்தர்ஷன் தொடரில் நடிகர் காத்தாடி ராமமூர்த்தி உருவில் நடமாடினார். எவ்வளவு நல்ல தொடக்கம்! அந்த வழியில் பிறகு நாம் போதுமான தூரம் போகவில்லை என்பதே என் வருத்தம்.

களத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. ஊரிலிருந்து வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும் பிள்ளைகள் நாலைந்து பேராக ஒரே அறையில்தான் தங்குகிறார்கள். ஒரு குக்கர், சுவரில் ஒட்டிய சமையல் முறைப் பட்டியல், “பேச்சுலருக்கு வீடு இல்லை” என்னும் வீட்டுக்காரர். இதைவிட நல்ல நகைச்சுவைக் களம் ஏது? தொடர் எடுப்பவர்களே, ஓவியர்களே, அந்த அறைக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.